மேற்படிச் சான்றிதழ் எதை அளக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் விட்டத்தைக் காணத் திருகு அளவியை எடுக்கிறோம். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அதைக் கொண்டு மேசையின் நீளத்தை அளக்க எவரும் முயல்வதில்லை. கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, நமக்கு வேண்டியதை அது அளக்கிறதா என்பதே முதற் கேள்வி. தகவல் பாதுகாப்புத் துறையில் வழங்கப்படும் சான்றிதழ்களையும் இவ்வாறே அணுகலாம் என்பது என் கருத்து.

அருமனையிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் பலர். அவர்களுள் என்னிடம் இயற்பியல் படித்த ஒருவர் சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்தார். வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. தந்தை ரப்பர் பால் வெட்டுபவர். "சார், அடிப்படைச் சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கிறது. ஒரேயடியாக மேலே உள்ளதை எடுத்துவிட்டால் என்ன?" என்றார். கடன் வாங்கவும் ஆயத்தமாக இருந்தார்.

இத்துறையில் மிகுதியும் பேசப்படுவது சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பதாகும். 1989-இல் அமெரிக்காவில் தோன்றிய ஐ.எஸ்.சி.2 என்னும் அமைப்பு 1994 முதல் இதனை வழங்கி வருகிறது. தேர்வுக் கட்டணம் 749 டாலர். நம் பணத்தில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். பிறகு ஆண்டுதோறும் 135 டாலர். இவ்வளவும் கட்டித் தேறினாலும் சான்றிதழ் உடனே கைக்கு வராது. ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். கணிப்பொறி சார்ந்த பட்டம் இருந்தால் ஓராண்டு தள்ளுபடி. அதுவரை இணை உறுப்பினராகக் காத்திருக்க வேண்டியதுதான். நம் இளைஞரின் கேள்விக்குப் பாதி விடையை அந்த அமைப்பின் விதியே கூறிவிடுகிறது.

இதற்கும் மேலே கட்டமைப்பு, பொறியியல், மேலாண்மை என மூன்று மேற்படிகள் உண்டு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் சி.ஐ.எஸ்.எஸ்.பி. பெற்றோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மேற்படிகள் ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் பேரே. ஆள் குறைவு என்பதாலேயே மதிப்புக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். (எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கும் ஆள் குறைவுதான்!) ஆனால் அதைக் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் வெளியிட்ட விதிநூலின் வழிமுறையில், கட்டமைப்பாளர் பதவியின் உச்சப்படிக்கு இவற்றுள் இரண்டு ஏற்கப்பட்டன. அங்கே அதற்கு விலை உண்டு. நம் நாட்டிலோ, 2004-இல் தொடங்கப்பெற்ற செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு, தான் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்களின் விவரக்குறிப்புகளை வெளியிட்டுள்ளது. எத்தனை சி.ஐ.எஸ்.எஸ்.பி., எத்தனை சி.ஐ.எஸ்.ஏ. என்று அவற்றில் தனித்தனி வரிகள் உள்ளன. மேற்படிகளுக்குத் தனி வரி இல்லை. "பிற தகுதிகள்" என்னும் வரியில்தான் அவை சேரும்.

எல்லா மேற்படிகளும் ஒன்றல்ல. சி.இ.எச். என்னும் சான்றிதழுக்கு நான்கு மணி நேரத்தில் 125 வினாக்களுக்கு விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதன் மேற்படிக்கு ஆறு மணி நேரச் செய்முறைத் தேர்வு. 20 சிக்கல்களைக் கணிப்பொறியிலேயே தீர்த்துக் காட்ட வேண்டும். ஓ.எஸ்.சி.பி. இன்னும் கடுமையானது. ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் மாதிரிக் கணிப்பொறிகளின் காவலை உடைத்துப் பார்த்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதித் தரவேண்டும். டிரான்சிஸ்டர் பற்றி வினாத்தாளில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், செய்முறைத் தேர்வில் சுற்றை இணைக்கத் தெரியாமல் விழிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எழுத்துத் தேர்வின் மேல் இன்னோர் எழுத்துத் தேர்வு வைப்பதைவிட, இத்தகைய மேற்படிக்கு உழைப்பது தகும்.

அப்படியானால் கட்டமைப்பு மேற்படி வீண்தானா? நமக்கு அண்டையிலுள்ள கூடங்குளத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே தீநிரல் புகுந்ததை 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தெரிவித்தது. அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் தாக்குதல் செய்தியை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. அது இருந்தது, இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பிலிருந்த ஒருவரது கணிப்பொறியில். உலையின் முக்கிய வலையமைப்பு அதனின்றும் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்று கழகம் அறிவித்தது. எந்த வலை எதனைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருப்பவருக்குக் கட்டமைப்பு மேற்படி பொருள் உள்ளதே. ஆனால் அந்த ஒற்றைக் கணிப்பொறியில் நடந்ததைக் கண்டுபிடிப்பது அன்றாடம் பதிவேடுகளைப் பார்க்கும் கண்ணின் வேலை. நம் இளைஞர் இப்போது இருப்பது அந்த இடத்தில்.

கடன் வேண்டாம் என்றேன். பழைய கணிப்பொறிகள் இரண்டை இணைத்து வீட்டிலேயே பழகி, ஈராண்டு கழித்துச் செய்முறைத் தேர்வு எழுதலாம் என்றேன். கட்டணத்தைக் கம்பெனி கொடுக்குமா என்று விசாரித்தது உண்டா என்று கேட்டேன். விசாரிக்கவில்லையாம். திங்கட்கிழமை கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.