புத்தூர் கட்டு: நம்புவதற்கு முன், தள்ளுவதற்கு முன்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், தமிழக எல்லையைத் தாண்டி நகரிக்கு அடுத்து வரும் ஊர் புத்தூர். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் குடும்பத் தொழிலால் நூறாண்டுக்கும் மேலாகப் பெயர் பெற்ற ஊர். இன்று தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தொங்குகிறது. மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு, துணி என்று எளிய பொருள்களைக் கொண்டு நடக்கும் வைத்தியம் இது. ஒரு சாரார் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். இன்னொரு சாரார் முழு மோசடி என்று ஒதுக்குகிறார்கள். உடைந்தது எந்த எலும்பு, எப்படி உடைந்தது என்று இரு தரப்புமே கேட்பதில்லை. மதிப்பீடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உடைந்த எலும்பைச் சேர்ப்பது உடல்தான். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான இணைப்பு உருவாகிறது. பிறகு சுண்ணச்சத்து படிந்து கெட்டிப்படுகிறது. வளர்ந்தவர்களுக்குக் கை எலும்பு கூட ஏறத்தாழ 6 வாரம், கால் எலும்பு கூட 12 வாரம் என்பது பொதுக்கணக்கு. குழந்தைகளுக்கு அதில் பாதி. முறிந்த முனைகளை நேர்படுத்துவது, கூடும்வரை விலகாமல் காப்பது, இரத்த ஓட்டம் கெடாமல் பார்ப்பது ஆகிய மூன்றும்தான் வைத்தியரின் வேலை. மூங்கில் தப்பையானாலும் மாவுக்கட்டானாலும் உள்ளே வைக்கும் பிளேட்டானாலும் இந்த மூன்றையும் வைத்தே அளக்கப்பட வேண்டும்.

அப்படி அளந்தால் கட்டு வைத்தியத்துக்கு நியாயமான மதிப்பெண் உண்டு. தோல் கிழியாமல், அதிகம் விலகாமல் ஏற்படும் முறிவுகள் பலவற்றுக்கு அறுவை தேவையில்லை. காறை எலும்பு, விலா எலும்பு, குழந்தைகளின் முன்கை எலும்பு ஆகியவற்றில் நேரும் முறிவுகளில் பெரும்பாலானவை இந்த வகை. குழந்தைகளின் எலும்பு சற்றுக் கோணலாகக் கூடினாலும், வளர வளரப் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். தப்பைக் கட்டுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது: அது மூட்டை முடக்க வேண்டியதில்லை. 1960களில் அமெரிக்காவில் அகஸ்டோ சார்மியெண்டோ என்ற எலும்பு மருத்துவர், கீழ்க்கால் எலும்பு முறிந்தவர்களின் மூட்டை முடக்காமல், சுற்றிலும் உறைபோல இறுக்கிப் பிடித்து நடக்கவைத்தார், எலும்பு கூடியது. மூட்டை அசையவிட்டு எலும்பை மட்டும் பிடித்துவைக்கும் வழி அறிவியலுக்கு ஒவ்வாதது அல்ல என்பதை அவருடைய பணி காட்டியது. கட்டின் மேல் ஊற்றும் பச்சிலைச் சாற்றின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. பிரண்டையைப் பற்றி விலங்குச் சோதனைகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் தானாகவே கூடக்கூடிய முறிவில் சாற்றுக்கு மட்டும் பெருமை சேர்ப்பது சரியாகாது.

குறைகள் தொடங்குவது ஆளைப் பார்த்து முறிவைப் பாராமல் கட்டும்போது. குளியலறையில் வழுக்கி விழும் முதியவருக்குத் தொடை எலும்பின் கழுத்து உடைகிறது. எலும்பின் தலைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே செல்வதால், முறிவோடு அவையும் அறுபடக்கூடும். வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் அந்த இடத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. கட்டிவிட்டுப் படுக்கவைத்தால் படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைதல் எனத் தொடர் வருகிறது, உயிரும் போகிறது. மூட்டுக்குள் ஓடும் முறிவு நூலிழை பிசகிக் கூடினாலும் பிற்காலத்தில் தேய்மானமும் வலியும் வரும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் உடனே புண்ணைக் கழுவி நுண்ணுயிர்க்கொல்லி தர வேண்டும்; அங்கே சாறு ஊற்றுவது ஆபத்து.

எல்லாவற்றிலும் கொடியது இறுக்கம். விழுந்த குழந்தையின் முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்து வீங்கியிருக்கும்போது கட்டு இறுக்கமாகப் போட்டால், உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு இரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கிவிடும். விரல்கள் கொக்கிபோல் மடங்கி நிரந்தரமாக நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881இலேயே விவரித்த கேடு இது. மருத்துவமனை மாவுக்கட்டிலும் இது நேரலாம். ஆனால் வலி கூடினாலோ விரல் மரத்தாலோ வெளுத்தாலோ உடனே வரச் சொல்லி, வந்ததும் கட்டைப் பிளந்துவிடும் ஒழுங்கு அங்கே பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ‘வலி இருந்தால் மருந்து வேலை செய்கிறது’ என்று அனுப்பும் இடத்தில் குழந்தையின் கை போய்விடும்.

இன்னொரு குறை கணக்கின்மை. கூடிப்போனவர் ஊரெல்லாம் சொல்கிறார். கோணிப்போனவர் சத்தமில்லாமல் வேறு மருத்துவரிடம் போகிறார். எத்தனை பேருக்குக் கட்டினோம், எத்தனை பேர் கை நேரானது என்று எழுதிவைக்காத தொழில் தன் தவறுகளிலிருந்து கற்க முடியாது. ‘புத்தூர் கட்டு’ என்ற பெயருக்கு உரிமையாளர் இல்லாததால், பரம்பரைத் தேர்ச்சி உள்ளவரும் நேற்றுப் பலகை மாட்டியவரும் ஒன்றுபோலவே தெரிகிறார்கள்.

மக்கள் ஏன் போகிறார்கள்? அறுவையென்றால் அச்சம், செலவு, இரண்டே நிமிடத்தில் முடியும் மருத்துவரின் பேச்சு. கட்டுக்காரர் கையைத் தொட்டுத் தடவி, எத்தனை கட்டு, எத்தனை நாள் என்று சொல்கிறார். தேவையற்ற இடத்திலும் பிளேட் வைக்கச் சொல்கிறார்கள் என்ற ஐயத்துக்கு மருத்துவமனைகள் வெளிப்படையான பதில் தர வேண்டும். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 முதல் இருக்கிறது. அதை அறியாமல் கட்டுப் போட ஓடுபவரைக் குறை சொல்வதைவிட அறியச் செய்வது மேல்.

பரம்பரையும் படிப்பும் பகையாக வேண்டியதில்லை. லிவர்பூலில் பட்டமில்லாமல் கட்டுப் போட்டுவந்த ஈவான் தாமஸ் தன் மகன் ஹியூ ஓவன் தாமஸை மருத்துவம் படிக்கவைத்தார். அந்த மகன் உருவாக்கிய தப்பை முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரர்கள் பலரைக் காத்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நைஜீரியாவில் பரம்பரைக் கட்டுக்காரருக்குப் பயிற்சி தந்தபோது கோளாறுகள் குறைந்ததாக ஆய்வு உண்டு.

ஆகவே தடை வேண்டியதில்லை, வரம்பு வேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் கட்டக் கூடாது. திறந்த முறிவு, மூட்டு முறிவு, இடுப்பு முறிவு, குழந்தையின் முழங்கை முறிவு, விரல் மரத்த நிலை ஆகியவற்றைத் தொடாமலே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கட்டிய மறுநாள் விரல்களைப் பார்க்க வேண்டும்; பதிவேடு வைக்க வேண்டும். இவற்றை ஏற்பவருக்கு அரசு பயிற்சியும் பதிவும் தரட்டும். ஏற்காதவரின் பலகையைக் கழற்றட்டும். எளிய முறிவோடு வரும் ஏழைக்கு மலிவான கட்டு தொடர்ந்து கிடைக்கவும், கட்டால் கை இழக்கும் குழந்தை இல்லாமல் போகவும் இந்த வரம்பே வழி.