கண்ணாடிப் பெட்டிக்குள் பறை

ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர், தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாக வைத்ததைச் சொல்லி, அது தமிழர் எல்லோருக்கும் பொதுவான இசை என்றார். சாவுக்கு அடிக்கச் சொல்லி ஊர் கட்டாயப்படுத்தியதும், மறுத்தவர்கள் உதைபட்டதும் பேச்சிலேயே வரவில்லை. பொதுவாக்கினால் வலி கழன்றுவிடுமா?

கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பறை. 'நாட்டுப்புறத் தோற்கருவி' என்று சீட்டு. செய்தவர் பேரில்லை. மாட்டுத்தோல் என்று எழுதக் கை கூசியதோ என்னவோ. வாசலில் விருந்தினரை வரவேற்க அடித்த பெரியவர் குனிந்து பார்த்தார். "தோலு தொய்ஞ்சு கெடக்கே தம்பி, தீ காட்டாம இது எப்டிப் பேசும்?"

அவரைக் கருத்தரங்கில் பேசவிடுங்கள் என்று கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லையாம்.