கரையோரத்து மரபும் நம் கையேடுகளும்

ஒரு நாட்டின் மரபுச் செல்வத்தை அறிய விழைவோர் அதன் தொன்மைச் சின்னங்களைக் கண்டுவருதல் நன்று. அவர்களுக்கு வழிகாட்டும் கையேடுகளும் நம்மிடையே பல உள. ஆனால் அக்கையேடுகள் மரபை எந்த அளவுகோல் கொண்டு அளக்கின்றன என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை.

சென்னை பற்றிய பக்கங்களைப் புரட்டும்போது கத்தோலிக்கராகிய நமக்குப் பெருமிதம் தோன்றுவது இயல்பே. 1516-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடன் மயிலையில் நிற்கும் லஸ் பிரகாச மாதா ஆலயம், பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட பகலவி எழுத்துச் சிலுவை, புனித தோமையாரின் கல்லறை மீது எழுந்த சாந்தோம் பேராலயம் ஆகிய மூன்றும் அங்கே தவறாது இடம்பெறும். அவற்றை அளக்கும் கோல் பழமை ஒன்றே. ஆயினும் சாந்தோமில் இன்று நாம் காணும் கட்டடம் 1896-இல் எழுந்தது. அதற்காகப் போர்த்துக்கீசியர் கட்டிய பழைய ஆலயம் இடிக்கப்பட்டது. அங்கே தொன்மையானது கல்லன்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்துவந்த நினைவே.

இதை மனத்திற்கொண்டு பெசன்ட் நகருக்கு வருவோம். அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய இப்பகுதியில் வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலம் 1972-இலும், அஷ்டலட்சுமி கோயில் 1976-இலும் தோன்றின. பழமையை மட்டுமே தேடும் கையேடு இவற்றை ஒரு வரியில் கடந்து கடற்கரைக்குச் சென்றுவிடுகிறது. ஆனால் ஆகஸ்டு 29-இல் கொடியேறியதும் காவியுடுத்தி வெறுங்காலுடன் இத்தலம் நோக்கி நடந்துவரும் மக்களைக் காணுங்கள். கொடியேற்றம், நடைப்பயணம், நேர்ச்சை, தேர்ப்பவனி அனைத்தும் இம்மண்ணின் வழிபாட்டு மொழியே. நம் விசுவாசம் அந்நியமானதோ என வினவுவோர்க்குப் பரங்கிமலைக் கல் நம் தொன்மையைச் சான்றுரைக்கிறது. இப்பாதங்களோ நம் உரிமையைச் சான்றுரைக்கின்றன.

கடற்கரை வழியே சற்று வடக்கே நடந்தால் வெண்ணிற வளைவு ஒன்று நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று பிறர் உயிரைக் காக்கும் முயற்சியில் இங்கே கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவரின் நினைவுச்சின்னம் அது. திரைப்படங்களில் இடம்பெற்ற வளைவு என்றே இதனைப் பலர் அறிவர். கல்வெட்டு அவருடைய சமயத்தைக் கூறவில்லை. செயலை மட்டுமே கூறுகிறது. நண்பர்க்காக உயிரைக் கொடுத்தலினும் மேலான அன்பில்லை என்று திருப்பலியில் கேட்கும் நாம், பிறர்க்காக உயிரீந்த ஒருவரின் பெயரைப் படிக்க ஒரு நொடியும் நிற்பதில்லை.

இன்னும் வடக்கே, அடையாற்று முகத்துவாரத்தை அடுத்து, ஊரூர் குப்பம் இருக்கிறது. பெசன்ட் நகர் என்னும் பெயர் பிறக்கும் முன்னரே இக்கரையில் வாழ்ந்த மீனவரின் ஊர் இது. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் குணமறிந்து கடல்மேற் செல்லும் அறிவு இவர்களுடையது. 2004-இல் ஆழிப்பேரலையின் அடியைத் தாங்கியவர்களும் இவர்களே. இவ்வறிவுக்குக் கோபுரமில்லை, கல்வெட்டில்லை. எனவே கையேட்டிலும் இடமில்லை. மீனவரைத் தம் முதற் சீடராக அழைத்தவரைப் பின்பற்றும் நாமும் இக்குப்பத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம் என்பதே வருத்தத்திற்குரியது.

கையேடுகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம் பங்குகள் ஏற்பாடு செய்யும் திருப்பயணங்களும் பெரும்பாலும் இதே பட்டியலைத்தான் பின்பற்றுகின்றன. பேருந்திலிருந்து இறங்கிச் செபித்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு மீண்டும் ஏறிவிடுகிறோம். இன்னின்ன பழமை எமக்குண்டு என எண்ணிக் காட்டுதல் சொத்துக் கணக்கேயன்றி மரபாகாது. காண்பவனிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்கும் நினைவே மரபு. தோமையாரின் கல்லறை நம்மிடம் சாட்சியத்தைக் கேட்கிறது; ஷ்மிட்டின் வளைவு துணிவைக் கேட்கிறது; குப்பமோ அண்டை வீட்டாராக நம்மை ஏற்பீர்களா என்று கேட்கிறது.

வரும் செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவைக் கொண்டாடச் செல்லும்போது, திருப்பலி முடிந்ததும் நம் பிள்ளைகளை அவ்வளைவுவரை நடத்திச் செல்வோம். கல்வெட்டை அவர்களே வாய்விட்டுப் படிக்கட்டும். பின்னர் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் அன்று வீசும் காற்றின் பெயரைக் கேட்டறியட்டும். கையேடு காட்டாத மரபை அவர்கள் அங்கே கண்டுகொள்வார்கள்.