பதக்கங்கள் சொல்லாதவை

உஸ்மானிய ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் 1821இல் கிளர்ந்தெழுந்தபோது, அயல்நாட்டார் பலர் பொருளாலும் வாளாலும் அவர்களுக்குத் துணைநின்றனர். அவர்களைப் போற்றி ஐரோப்பியக் கலைஞர் உருவாக்கிய உருவப் பதக்கங்களில் இரண்டை ஈண்டு நோக்குவோம். உஸ்மானிய நாணயங்களில் சுல்தானின் முகம் இராது. துக்ரா என்னும் எழுத்துக்கோலமே அரசரைக் குறிக்கும். பதக்கக் கலைஞரோ முகத்தையே முழுதும் நம்பினர். அந்த நம்பிக்கை எத்துணைத் தகுதியுடையது என்பதே நம் வினா.

ஆங்கிலக் கவிஞர் பைரன் 1824 ஏப்ரல் 19 அன்று மிசோலோங்கியில் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஸ்டோதர்ட் என்பார் அவருக்கொரு பதக்கம் சமைத்தார். முன்புறம் கவிஞரின் தலை. பின்புறம் மின்னல் பாயும் லாரல் மரம். 'என்றும் அழியாதது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்கள். லாரல் மரத்தை மின்னல் தீண்டாது என்பது பண்டை ரோமரின் நம்பிக்கை. அதனை அறிந்தோர்க்கு இப்பின்புறம் நயமிக்கது. ஆயினும், பைரன் போர்க்களத்தில் வீழ்ந்தவர் அல்லர். காய்ச்சலில் கிடந்தார், மருத்துவர் குருதியை வடித்து மேலும் நலிவித்தனர், முப்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். படுக்கையில் வந்த மரணத்தைக் கலைஞர் வானத்து இடியாக்கிவிட்டார். கற்பனை அழகுதான், ஆனால் பணத்தையும் உடல்நலத்தையும் ஈந்து, தம்முள் பூசலிட்ட தலைவர்களிடையே சலித்திருந்த அம்மனிதரை இப்பதக்கத்தில் நாம் காணவில்லை.

பிரெஞ்சுச் சிற்பி டாவிட் தாஞ்செரின் வழி வேறு. அவருடைய பதக்கங்கள் பெரும்பாலும் ஒருபக்க வெண்கல வார்ப்புகள். மின்னலுக்கும் மரத்துக்கும் அங்கு இடமில்லை. பக்கவாட்டில் ஒரு முகம், அவ்வளவே. தளபதி ஃபாப்வியேயையும் அவர் இவ்வாறே வடித்தார். 1826 டிசம்பரில், முற்றுகையிடப்பட்ட ஏதென்சின் அக்ரோபோலிசுக்குள், உஸ்மானியப் படையணியைப் பிளந்து, வீரர் முதுகில் வெடிமருந்து சுமக்கச் செய்து நுழைந்தவர் அவர். அச்செயலைச் சித்திரிக்காமல் ஆளை மட்டும் காட்டும் அடக்கத்தையே நாம் உயர்வாக மதிக்கிறோம். மண்டையோட்டின் வடிவில் குணத்தைத் தேடும் அக்காலப் போலிக்கலையில் சிற்பிக்கு ஈடுபாடு மிகுதி. நெற்றிகளைச் சற்றுப் பெரிதாக்கிவிடுவார் என்பதை வாசகர் மறவாதிருத்தல் நலம்.

இவ்வகைக் கலைக்கு அடங்காதவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்தின் தாமஸ் கோர்டன், 1821இல் திரிப்போலிட்சா முற்றுகையில் கிரேக்கர் பக்கம் நின்றார். நகர் வீழ்ந்ததும் அங்கிருந்த முஸ்லிம்களும் யூதர்களும், பெண்டிர் பிள்ளைகள் உட்பட, ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டனர். மனம் வெதும்பி அவர் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு கியோஸ் தீவில் கிரேக்கர் மீது உஸ்மானியப் படை இழைத்த கொடுமையையும் உலகம் கண்டது. கோர்டன் கிரேக்கரைக் கைவிடவில்லை. பின்னர் மீண்டும் சென்று போரிட்டார். 1832இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் திரிப்போலிட்சாவின் படுகொலையையும் மறைக்காது எழுதினார்.