பதினான்கு புள்ளிகளுக்குள் ஓர் அணி

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வெற்றியைத் தீர்மானிப்பவர் பல நேரங்களில் கூடை போடுபவர் அல்லர், வழி மறிப்பவர். களமும் வளையமும் வழக்கமானவையே: 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 3.05 மீட்டர் உயரம். பந்தை மடியில் வைத்துச் சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவது தள்ளலுக்கு முன் பந்தைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது கைமாற்றவோ எறியவோ வேண்டும். நாற்காலியும் ஆட்டக்காரரின் உடலாகவே கருதப்படும். விதி மீறி அதில் மோதினால் ஃபவுல்.

உடல் இயக்கத் திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. இடுப்பும் முதுகும் பிடிமானம் தராதவருக்கு 1.0, மிகக் குறைந்த பாதிப்புள்ளவருக்கு 4.5. சர்வதேசப் போட்டியில் களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. 4.5 புள்ளிக்காரர் இருவர் இறங்கினால் மற்ற மூவருக்கு 5 புள்ளிகளே மிஞ்சும். அதனால் கடுமையான பாதிப்புள்ளவருக்கும் அணியில் இடம் உறுதியாகிறது.

அந்த இடம் சலுகை அல்ல. நாற்காலி முன்னும் பின்னும் போகும், சுழலும். பக்கவாட்டில் மட்டும் நகராது. 1.0 புள்ளிக்காரர் தம் நாற்காலியைச் சரியான கோணத்தில் நிறுத்திவிட்டால், எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் பின்வாங்கிச் சுற்றித்தான் வர வேண்டும். பந்து கைமாறிய உடனே அவரை மறுபாதியில் மடக்கிவிட்டால், கூடைக்கு அருகே எதிரணி நால்வரோடு நிற்கும். இந்த மறிப்பு புள்ளிப் பட்டியலில் ஏறுவதில்லை. ஆட்டத்தை மாற்றுவது அதுவே.

1946இல் அமெரிக்காவில் போரில் காயமுற்ற வீரர்கள் இந்த ஆட்டத்தை ஆடத் தொடங்கினர். 1960 ரோம் பாராலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்கள் பிரிவு 1968இல் டெல் அவிவில் சேர்ந்தது. இந்தியாவில் இதற்கான கூட்டமைப்பு சென்னையிலிருந்து வளர்ந்தது. அதை முன்னெடுத்தவர் போலியோவால் பாதிக்கப்பட்ட நீச்சல் வீராங்கனை மாதவி லதா. முதல் தேசியப் போட்டி 2014இல் சென்னையில் நடந்தது. மும்பையின் கீதா சவுகான் இந்திய அணிக்காக ஆடியவர்; சக்கர நாற்காலி டென்னிஸிலும் முத்திரை பதித்தவர்.

இந்த ஆட்டத்துக்கான நாற்காலியின் சக்கரங்கள் கீழ்ப்புறம் விரிந்து சாய்ந்திருக்கும். சட்டெனத் திரும்பவும் கவிழாமல் நிற்கவும் அந்தச் சாய்வு உதவுகிறது. பின்னால் ஒரு சிறு சக்கரம் மல்லாந்து விழாமல் தாங்கும். ஆனால் அந்த விரிவால் கூடும் அகலம் மும்பை தாராவியின் சந்துகளில் நுழையாது, பல வீடுகளின் வாசலிலும் நுழையாது. மடங்காத சட்டம் என்பதால் லோக்கல் ரயிலில் கொண்டுசெல்வதும் பெரும்பாடு. வீட்டுக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று என இரண்டு நாற்காலிகள் தேவை.

உடலுக்கும் தனிக் கவனம் வேண்டும். நாள் முழுதும் சக்கரம் தள்ளும் தோள்கள் ஆட்டத்திலும் அதே வேலையைச் செய்வதால், முதுகுத் தசைகளுக்கும் பயிற்சி கொடுத்தால்தான் தோள் நெடுநாள் தாங்கும். உணர்வற்ற பகுதியில் படுக்கைப்புண் வராதிருக்க, நல்ல மெத்தை இருக்கையும் இடையிடையே உடலைத் தூக்கி அழுத்தம் குறைப்பதும் அவசியம். தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. மும்பையின் புழுக்கத்தில் நிழலும் குடிநீரும் உடலில் தெளிக்கத் தண்ணீரும் இல்லாமல் பயிற்சி தரக் கூடாது.

களத்துக்குப் போய்ச்சேரும் வழியும் பயிற்சியின் ஒரு பகுதி. 2025இல் திறந்த தாராவி மெட்ரோ நிலையத்துக்குள் லிஃப்ட் உண்டு. நிலையம்வரை வரும் தெருவே சிக்கல். நடைபாதையில் நெருக்கமாக நட்ட கம்பங்கள் சக்கர நாற்காலியை மறிப்பதை மும்பை உயர் நீதிமன்றம் 2023இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அரசின் கடமையாக்குகிறது.

மும்பையின் மாட்டுங்கா கூடைப்பந்துக்குப் பேர்போன பகுதி. இந்தியன் ஜிம்கானாவும் சேவியோ கோப்பை நடக்கும் டான் பாஸ்கோ பள்ளியும் அங்கேதான் உள்ளன. தாராவியும் செம்பூரும் தொலைவில் இல்லை. இத்தகைய களங்களில் 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவுப் பாதை, நாற்காலி நுழையும் கழிப்பறை, பத்து ஆட்ட நாற்காலிகளைப் பூட்டிவைக்க ஓர் அறை, வாரம் இரண்டு மாலை நேரம் ஆகியவை கிடைத்தால் இரண்டு அணிகள் ஆடத் தொடங்கிவிடலாம். நாற்காலிகள் களத்திலேயே இருந்தால் ஆட்டக்காரர் தம் அன்றாட நாற்காலியில் வந்தால் போதும்.