தானே நிமிரும் விமானம்

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. விமானம் ஓட்டப் பழக இனி ஆசிரியர் வேண்டாம், சாய்வை உணர்ந்து திருத்தும் உள்ளே இருக்கும் கைரோவே போதும் என்ற பேச்சு விற்பனைப் பெட்டியைத் தாண்டி மைதானத்துக்கும் வந்துவிட்டது. பல வருடங்களாகப் பறப்பவர்களே இதைச் சொல்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்து எந்த ட்ரெய்னர் வாங்கலாம் என்று கேட்டால், இறக்கை எப்படி, எடை எவ்வளவு என்ற விசாரணை இல்லை. "ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். அது எதைப் பார்த்துக்கொள்கிறது, கற்பவரை எதைப் பார்க்க விடாமல் செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

நன்மைகள் இல்லாமல் இல்லை. முதல் நாளே மூக்கு நொறுங்குவது குறைந்திருக்கிறது. கிளப்போ பயிற்றுநரோ இல்லாத ஊரில் இருப்பவருக்கு இது பெரிய துணை. 2000களின் தொடக்கத்தில், வானத்துக்கும் தரைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அகச்சிவப்பு உணரிகளால் அறிந்து விமானத்தை நிமிர்த்திய கருவிகளைவிட இன்றைய கைரோ சிறியது, மலிவானது, நம்பகமானது. 2013-ல் அப்ரென்டிஸ் எஸ் என்ற ட்ரெய்னர், ஒன்றரை மீட்டர் இறக்கையோடும் ‘சேஃப்’ என்ற நிலைப்படுத்தியோடும் வந்தது. ஒரே விபத்தோடு இந்தப் பக்கமே வராமல் போயிருக்கக்கூடிய எத்தனையோ பேரை அதுவும் அதன் வழியில் வந்தவையும் தொடர்ந்து பறக்க வைத்தன. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மறுப்பு ஒன்றுதான், நெடுநாளாகச் சொல்லி வருவது. தானே நிமிர்த்தும் முறை, ஸ்டிக் என்ன செய்கிறது என்பதையே மாற்றிவிடுகிறது.

சாதாரண நான்கு சேனல் விமானத்தில் எய்லரான் (இறக்கையின் பின்னோர மடிப்பு) ஸ்டிக் உருளும் வேகத்தைத் தருகிறது. வலப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கம் சாயத் தொடங்கும். தள்ளியபடியே வைத்திருந்தால் சாய்ந்துகொண்டே போய் மல்லாந்துவிடும். ஆகவே வளைவு எடுப்பவர் ஸ்டிக்கைத் தள்ளி, வேண்டிய சாய்வு வந்ததும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். சாய்வு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. வாலில் உள்ள எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்து உயரம் இறங்காமல் பார்த்துக்கொள்கிறார். வளைவு முடிந்ததும் எதிர்ப்பக்கம் தள்ளி நிமிர்த்துகிறார். தள்ளு, விடு, இழு, எதிர்த்துத் தள்ளு: எய்லரான் வைத்த விமானம் ஓட்டுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

தானே நிமிரும் முறையில் அதே ஸ்டிக் சாய்வுக் கோணத்தைக் கட்டளையிடுகிறது. பாதி தள்ளினால் பாதிச் சாய்வு. முழுக்கத் தள்ளினால் தயாரிப்பாளர் வைத்த எல்லை வரை, அதற்குமேல் இல்லை. வளைவு முடியும்வரை ஸ்டிக்கைப் பிடித்தே இருக்க வேண்டும். விட்டால் விமானம் நிமிர்ந்துவிடும்.

இப்படிப் பழகியவரின் கட்டைவிரலைக் கவனியுங்கள். வளைவு தொடங்கியதும் ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளி, விமானம் முழுதாகத் திரும்பும்வரை அங்கேயே அழுத்திக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் பறந்து பறந்து அந்த அழுத்தம் கையில் ஊறிவிடுகிறது. பிறகு அவர் தாழ்விறக்கை ஸ்போர்ட் விமானம் ஒன்று வாங்குகிறார். முதல் வளைவில் விரல் பழைய வழக்கப்படி ஓரத்தில் நிற்கிறது. விமானம் முப்பது டிகிரி தாண்டி, அறுபது தாண்டி, இறக்கை செங்குத்தாகிறது, மூக்கு தொங்குகிறது. பயத்தில் எலிவேட்டரை இழுக்கிறார். அந்தச் சாய்வில் எலிவேட்டர் விமானத்தை மேலே தூக்காது, சுழலை இறுக்கத்தான் செய்யும். மோட்டார் முழு வேகத்தில் ஓட, விமானம் தரையில் பாய்கிறது. சுற்றி நிற்பவர்கள், ட்ரெய்னரிலிருந்து சீக்கிரம் மாறிவிட்டார் என்கிறார்கள். அவர் கை, கற்றுக்கொடுத்ததைப் பிசகாமல் செய்தது. கற்றுக்கொடுத்ததுதான் தவறு.

சேஃப் சுவிட்சில் மூன்று நிலைகள் இருக்கின்றனவே, படிப்படியாக ஏறலாமே என்பது ஆதரவாளர்களின் முதல் பதில். தொடக்க நிலையில் தானே நிமிரும். நடுநிலையில் நிமிராது, சாய்வுக்கு எல்லை மட்டும் உண்டு. மூன்றாவதில் எல்லையும் இல்லை. காகிதத்தில் இது படிக்கட்டு போலத்தான் தெரிகிறது. ஆனால் முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குப் போவது ஒரு படி ஏறுவது அல்ல. ஊறிப்போன ஒன்றை அழித்துவிட்டு அதே ஸ்டிக்கில் வேறொன்றைப் பழகுவது. அதனால்தான் நடுநிலைக்கு மாற்றியவுடன் விமானம் முரண்டு பிடிப்பதுபோல் தோன்றுகிறது. சுவிட்ச் பழைய இடத்துக்கே திரும்பி, மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

சிறுபிள்ளை சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவதில்லையா என்றும் கேட்கிறார்கள். மாட்டுகிறார்கள். அந்தச் சக்கரம் இருக்கும்வரை பிள்ளை சாய்ந்து திரும்பப் பழகுவதே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினார்கள். உடம்பு பாருக்குக் கீழே கோணிக்கொண்டிருந்தாலும் சமநிலை நிஜமான சைக்கிளின் சமநிலை. பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது அவர்கள் எதையும் மறக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பதிலில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பழைய பால்சா ட்ரெய்னர்களும், சிக் கேடட்டும் கோல்ட்பெர்க் ஈகிளும்கூட, கையை விட்டால் தாமாக நிமிரப் பார்த்தவைதானே என்கிறார்கள். உண்மை. மூன்று சேனல் ட்ரெய்னரில் ரட்டரைக் கொஞ்சம் பிடித்தே திருப்ப வேண்டியும் இருந்தது. ஆனால் அந்த நிமிர்வு காற்றின் வழியாக வந்தது. இறக்கையின் இரு முனைகளும் சற்றுத் தூக்கியிருக்கும், அதுதான் டைஹெட்ரல். விமானம் சாய்ந்ததும் சாய்ந்த பக்கமாகச் சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் படும். அந்தப் பக்கத் தூக்குவிசை கூடி விமானம் மெதுவாக எழும். இதற்கு நேரமும் உயரமும் வேகமும் வேண்டும். வேகம் போதாதபோது நிமிர்வும் தளரும், கற்பவர் அதைக் கண்ணால் காண்பார். விமானம் தன் நிலையை அவருக்குச் சொல்லிக்கொண்டே பறந்தது. கைரோ வைத்த விமானம் வாயை மூடிக்கொள்கிறது. ஈர்ப்பு மையம் பின்னால் போய் வால் கனத்திருந்தாலும், ட்ரிம் சரியில்லாவிட்டாலும், மடிப்புகளை அசைக்கும் சர்வோக்கள் ஓயாமல் திருத்தி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். பறப்பவருக்குத் தெரிவது மட்டமாகப் போகும் ஒரு விமானம்.

இந்த மறைப்பு அதிகம் கெடுப்பது இறக்கத்தை. ஈர்ப்பு மையமும் ட்ரிமும் சரியாக வைத்த விமானம் ஒரு வேகத்தைத் தேடும். மோட்டாரைக் குறைத்தால் மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைச் செலவழித்து அந்த வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். எலிவேட்டர் வேகத்துக்கு, த்ராட்டில் உயரத்துக்கு என்று நல்ல பயிற்றுநர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் தானே நிமிரும் முறை தேடுவது கோணத்தை. இந்த ட்ரெய்னர்களில் காற்று வேகத்தை அளக்கும் குழாய் கிடையாது. சுழற்சியையும் முடுக்கத்தையும்தான் சில்லு அறியும். மோட்டாரை அணைத்தாலும் மூக்கை மட்டமாக வைக்க எலிவேட்டரை மேலே மேலே தூக்கிக்கொண்டே போகும். வேகம் கரையும், விமானம் அமுங்கும், இறக்கையில் காற்று படும் கோணம் ஏறும். ஏறக்குறைய பதினைந்து டிகிரியில் இறக்கையின் தூக்குவிசை சட்டெனக் குறைந்துவிடுகிறது. தரைக்குச் சற்று மேலே, மட்டமாகப் போய்க்கொண்டிருக்கும் விமானம் பொத்தென்று விழுகிறது. சில மாடல்களில் த்ராட்டிலைக் குறைத்தால் மூக்கைத் தாழ்த்தும் ஏற்பாடு உண்டு. அங்கேயும் அது தாழ்த்துவது முன்பே எழுதிவைத்த ஒரு கோணத்துக்கு. வேகம் குறைவதைக் கண்ணும் காதும் உணரப் பழக வேண்டிய அந்தச் சில விநாடிகளை மனிதரிடமிருந்து எடுத்து, வேகமே தெரியாத ஒன்றிடம் கொடுத்திருக்கிறோம்.

ஆபத்து வந்தால் அழுத்தும் பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். எல்லாத் தொடக்கக்காரரும் தடுமாறும் இடம் இது. தாழ்ந்த இறக்கை எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு என்று சொல்லிக் கொடுப்பார்கள். பல தடவை சரியாகச் செய்தால் மூளை தானே பிடித்துக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொள்வதுதான் கற்றல். பொத்தான் அந்த முடிச்சை அவிழ்க்காமல் வெட்டி எறிகிறது. எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறது என்பதை அறியாமலே விமானம் நிமிர்ந்துவிடுகிறது. அடுத்த தடவையும் அவருக்கு அது தெரியாது. இந்த விமானங்கள் தொலைந்துபோகும் விதமும் அதையொட்டியே இருக்கிறது. மட்டமாக, அழகாக, காற்றோடு நழுவிக் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகின்றன.

இரண்டு ரிமோட்டைக் கேபிளாலோ வயர்லெஸ்ஸாகவோ இணைக்கும் பட்டி பாக்ஸ் முறை செய்ததை எந்தச் சில்லும் செய்யவில்லை. பயிற்றுநர் சுவிட்சை அழுத்தியிருக்கும்வரை விமானம் மாணவர் கையில். விட்டதும் பயிற்றுநர் கையில். அதன் அருமை எல்லாம் எப்போது விடுவது என்பதில் இருந்தது. மாணவர் அதிகமாகச் சாய்த்துவிட்டார், மூக்கு தாழத் தொடங்குகிறது. உயரம் இருக்கிறது, பயிற்றுநர் விரலை எடுக்காமல் பொறுக்கிறார். "இப்போ நிமிர்த்து" என்கிறார். மாணவர் திணறுகிறார், கடைசியில் நிமிர்த்துகிறார். தவறு எங்கே போய் முடியும் என்பதையும், தன் கையால் அதை மீட்க முடியும் என்பதையும் அந்த ஒரு வளைவில் பார்த்துவிடுகிறார். சாய்வு எல்லையைத் தொட்டவுடனே தடுக்கும் கருவி அந்த அனுபவத்தை அவருக்குத் தராது. பயிற்றுநர் கிடைக்காதவருக்கும் சிமுலேட்டர் இருக்கிறது. ரியல்ஃப்ளைட் போன்ற ஒன்றில் நிலைப்படுத்தியை அணைத்துவிட்டுச் சில மாலைகள் விழுந்து எழுந்தால் விமானம் எதுவும் நொறுங்காமல் அதே பாடம் கிடைக்கும்.

கைரோவையே தூக்கி எறியச் சொல்லவில்லை. காற்றின் உதறலை மட்டும் அடக்கி, சாய்வைத் தொடாமல் விடும் கைரோ ஸ்டிக்கின் பொருளை மாற்றுவதில்லை. சின்ன ஃபோம் விமானத்துக்கு அது நல்லதுதான். தயாரிப்பாளர்கள் சுவிட்சின் வரிசையைத் திருப்பிப் போடட்டும். பெட்டியைத் திறந்து பறக்கவிடும் நிலை அந்த எளிய கைரோவாக, சர்வோ அசைவைக் குறைத்து வைத்ததாக இருக்கட்டும். தானே நிமிர்த்துவது விரலை எடுத்தால் அணைந்துவிடும் ஸ்பிரிங் சுவிட்சில் மட்டும் இருக்கட்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் சேஃப் பற்றிய விளக்கத்துக்குப் பதிலாக ஒரு பயிற்சியை அச்சிடட்டும்: நல்ல உயரத்துக்குப் போங்கள், லேசாகச் சாயுங்கள், ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், சாய்வு அப்படியே நிற்பதைப் பாருங்கள், பிறகு நீங்களே நிமிர்த்துங்கள்.