ஏழு மணிக்கு எந்த மூலையில் நிற்பாள்?

2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஹிலாரி கிளின்டன் மூன்றாமிடம் பெற்றார். ஒபாமாவுக்கு ஏறத்தாழ 38 சதவீதம்; எட்வர்ட்ஸுக்கு மயிரிழை பின்னால், 29 சதவீதத்தில் ஹிலாரி. ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் அவர் வென்றபோது, கருத்துக்கணிப்புகள் பொய்த்ததற்கான காரணத்தைப் பலர் ஒரே இடத்தில் கண்டுபிடித்தார்கள்: முந்தைய நாள் போர்ட்ஸ்மத் காபிக்கடையில் அவர் குரல் தழுதழுத்ததாம், பெண்கள் இரக்கப்பட்டு வாக்களித்துவிட்டார்களாம். அதே நாள் சேலம் நகரக் கூட்டத்தில் 'என் சட்டைக்கு இஸ்திரி போடு' என்று ஆண்கள் கத்தியதற்கு இவ்வளவு உரை எழுதப்படவில்லை.

எனக்கு அந்தக் கண்ணீரைவிட இரு மாநிலங்களின் முறைகள் முக்கியமாகப் படுகின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் நடப்பது ரகசிய வாக்கெடுப்பு. பகலில் ஒழிந்த நேரத்தில் போய் வரலாம். அயோவாவின் காக்கஸ் அப்படியல்ல. ஜனவரிக் குளிரில் மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூட வேண்டும். ஜனநாயகக் கட்சியின் கூட்டத்தில் அப்போது வாக்குச்சீட்டே கிடையாது. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். பொதுவாக 15 சதவீதம் தேறாத அணி கலையும். அக்கம்பக்கத்தார் தங்கள் பக்கம் இழுப்பார்கள். மாலைப் பணியிலிருக்கும் செவிலி, உணவகத்தில் பரிமாறுபவள், கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள்? வந்தாலும், கணவனும் முதலாளியும் பார்த்திருக்க எதிர் மூலைக்கு நடக்க வேண்டும். வீட்டில் பேச முடியாததை ஊர்முன் காலால் சொல்லச் சொல்கிற ஏற்பாடு இது.

தோல்வியை முறையின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. அயோவாவில் வந்த பெண்களிலேயே 35 சதவீதம் ஒபாமாவுக்கு, 30 ஹிலாரிக்கு என்றது வாசலில் எடுத்த கணிப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் அது 46க்கு 34 என ஹிலாரி பக்கம் திரும்பியது. இளம்பெண்கள் பலர் ஒபாமாவையே விரும்பினார்கள். 'பெண் வாக்கு' என்று ஒற்றைப் பொருளைத் தேடுவதே வீண்வேலை. நிறமா பாலினமா என்று அந்த ஆண்டு கேட்டவர்கள், 1972இல் இரண்டையும் சுமந்து நின்ற ஷெர்லி சிஷோமை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

2020இல் எலிசபெத் வாரன் அயோவாவில் மூன்றாமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் நான்காமிடம். 'எனக்குப் பிடிக்கும், ஊரார் பெண்ணுக்குப் போடமாட்டார்களே' என்ற கணக்கு அவரைத் துரத்தியது. தன் விருப்பத்தை ஊராரின் பெயரால் மறுப்பது நமக்கும் பழகிய வாய்ப்பாடுதான். சென்னையில் வேர்கொண்ட கமலா ஹாரிஸ் ஒரு வாக்குகூட விழும் முன்பே, 2019 டிசம்பரில், பணமில்லை என்று விலகியிருந்தார்.

2024இல் அயோவா ஜனநாயகக் கட்சியினர் தபால் வாக்குக்கு மாறினார்கள். பைடன் பதவியிலிருந்ததால் பெரிய போட்டியே இல்லாத ஆண்டு அது.